மக்ரேக்கர்: வாருபவரா, இறைப்பவரா?

‘மக்’ என்றால் சாணமும் வைக்கோலும் மட்கிக் கிடக்கும் தொழுவக் குப்பை. ‘ரேக்’, அதை வாரும் பல்வைத்த கோல். இரண்டும் சேர்ந்து, மறைந்த முறைகேடுகளை வெளிக்கொணரும் இதழாளரைக் குறிக்கும் ‘மக்ரேக்கர்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் ‘சேற்றை வாரி இறைப்பவர்’ என்று தமிழாக்கத் தோன்றும். அது தவறு. இறைப்பவர் அடுத்தவர்மேல் அழுக்கைப் பூசுகிறார். மக்ரேக்கரோ மூடிக் கிடக்கும் அழுக்கைக் கிளறி வெளியே எடுக்கிறார்.

சொல்லின் வேர், ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யனின் ‘பில்கிரிம்ஸ் புராகிரஸ்’ என்ற கிறித்தவ உருவகக் கதையின் இரண்டாம் பாகத்தில் (1684) இருக்கிறது. முதற்பாகம் நமக்கு அந்நியமல்ல. அதைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார். இரண்டாம் பாகத்தில் ஒருவன் கையில் குப்பைவாரியோடு நிற்கிறான். தலைக்குமேல் விண்ணுலக மகுடத்தை ஒருவர் நீட்டுகிறார். அவனோ நிமிராமல் துரும்பையும் தூசியையும் வாரிக்கொண்டே இருக்கிறான். பன்யனுக்கு அவன் உலகப்பற்றின் உருவம்.

அந்தக் குனிந்த மனிதனை இதழாளர்கள் தலையில் கட்டியவர் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். செனட் உறுப்பினர்களைச் சாடி டேவிட் கிரஹாம் பிலிப்ஸ் எழுதிய தொடர் ‘காஸ்மோபாலிட்டன்’ இதழில் வந்துகொண்டிருந்த நேரம். 1906 ஏப்ரல் 14 அன்று, வாஷிங்டனில் ஓர் அடிக்கல் நாட்டு விழாவில் ரூஸ்வெல்ட் பேசினார். குப்பை வாருவோர் சமூகத்துக்குப் பல வேளைகளில் இன்றியமையாதவர்களே, ஆனால் எப்போது நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். வசையாக விழுந்த பெயர் பிற்காலத்தில் விருதாகிவிட்டது.

அந்தப் பெயரை அமெரிக்கப் பெண் இதழாளர் ஐடா டார்பெல் விரும்பியதில்லை. அவருடைய வேலையைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1902 நவம்பரில் ‘மெக்ளூர்ஸ்’ இதழில் ராக்பெல்லரின் எண்ணெய் நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஆயில் பற்றிய தொடரைத் தொடங்கினார். நீதிமன்றப் பதிவுகள், அரசு விசாரணை ஆவணங்கள், நிறுவனத்துக்குள்ளிருந்தே ஒரு பெரிய அதிகாரியின் நேர்காணல் என்று தாள் தாளாகச் சேர்த்து எழுதியது அது. 1911-இல் உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தைப் பிரிக்க உத்தரவிட்டது. பெரிய இதழ்கள் 25, 35 சென்ட் விற்ற காலத்தில், 1893-இல் 15 சென்ட்டுக்குத் தொடங்கப்பட்ட இதழ் மெக்ளூர்ஸ். அதனால்தான் ஆவணம் நிறைந்த இத்தகைய எழுத்து நடுத்தரக் குடும்பங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

தமிழில் இந்தத் தொழிலுக்குரிய சொல் ‘புலனாய்வு இதழாளர்’. புலனாதல் என்றால் தெரியவருதல். மறைந்ததைத் தெரியவைக்கும் ஆய்வு புலனாய்வு. ‘ஒற்றர்’ என்ற பழஞ்சொல்லும் அருகில் வருகிறது. ‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்’ (588) என்ற குறள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் வழியாகச் சரிபார்க்கச் சொல்கிறது. எந்தச் செய்தி அறையிலும் எழுதி ஒட்டத் தகுந்த வரி. ஆனாலும் அந்தச் சொல் இங்கே பொருந்தாது. ஒற்றர் கண்டதை அரசனுக்கு மட்டும் சொல்வார். டார்பெல் காசு கொடுத்து இதழை வாங்கிய எவருக்கும் சொன்னார்.

ரூஸ்வெல்ட் காலத்து அமெரிக்க இதழாளர்களைப் பற்றி எழுதும்போது ‘குப்பை கிளறுவோர்’ என்று மேற்கோள் குறிக்குள் எழுதலாம். இன்றைக்கு அந்த வேலையைச் செய்பவர்களுக்குப் புலனாய்வு இதழாளர் என்பதே சரி.