நிறைவெண்: 3,35,50,336-ஐ முன்வைத்து

ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களை எல்லாம், அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு, கூட்டிப் பாருங்கள். அதே எண் திரும்ப வந்தால் அது நிறைவெண். 1 + 2 + 3 = 6. அடுத்தது 28, அப்புறம் 496, 8128. ஐந்தாவதைப் பிடிக்க ஒரேயடியாக எட்டு இலக்கத்துக்குத் தாவ வேண்டும்: 3,35,50,336.

இந்த எண் 4096 × 8191. முன்னது 2-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கி வருவது; பின்னது 2-ஐப் பதின்மூன்று முறை பெருக்கி ஒன்றைக் கழித்தது, பகா எண். மொத்த வகுத்திகள் 26. அவற்றில் 1, 2, 4 என்று இரட்டித்துக்கொண்டே 4096 வரை போகும் பதின்மூன்றையும் கூட்டினால் 8191. மிச்சமுள்ளவை 8191, அதன் 2 மடங்கு, 4 மடங்கு என்று 2048 மடங்கு வரை; அவற்றின் கூட்டுத்தொகை 8191-இன் 4095 மடங்கு. முதலில் கிடைத்த 8191-ஐயும் சேர்த்தால் 4096 மடங்கு. சரி, எண் திரும்ப வந்துவிட்டது.

இந்த வழியை யூக்ளிட் தமது ‘எலிமென்ட்ஸ்’ நூலின் ஒன்பதாம் புத்தகத்தில் நிறுவிவிட்டார். பின்னது பகா எண்ணாக இருந்தால்தான் இது பலிக்கும். 2-ஐப் பதினொரு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047; அது 23 × 89. அதனால் ஏழு இலக்கத்தில் வந்திருக்க வேண்டிய 1024 × 2047 தேறவில்லை.

யூக்ளிட் வைத்த பெயர் ‘டெலெயோஸ்’. கிரேக்கத்தில் ‘டெலோஸ்’ என்றால் முடிவு, இலக்கு. அதை எட்டியது, குறையில்லாதது ‘டெலெயோஸ்’. இலத்தீனில் இது ‘பெர்ஃபெக்டஸ்’ ஆகி, ஆங்கிலத்தில் பெர்ஃபெக்ட் நம்பர் ஆனது. கி.பி. 100 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் நிக்கோமாக்கஸ் எண்களை மிஞ்சுவது, குறைவது, நிறைவது என்று மூன்றாகப் பிரித்தார். அவர் கையில் இருந்தவை நான்கே நிறைவெண்கள். ஓரிலக்கம் முதல் நான்கிலக்கம் வரை ஒவ்வொன்று; கடைசி இலக்கம் 6, 8 என்று மாறிமாறி. இப்படியே தொடரும் என்று நம்பிவிட்டார், பாவம். ஐந்து, ஆறு, ஏழு இலக்கங்களில் ஒன்றும் இல்லை. ஐந்தாவது 6-இல் முடிகிறது, ஆறாவதான 858,98,69,056-உம் 6-இல்தான் முடிகிறது.

தமிழில் செவ்விய எண், நிறைவெண் இரண்டும் வழங்குகின்றன. என் ஓட்டு நிறைவெண்ணுக்கு. ‘டெலெயோஸ்’ சொல்வதும் அதுதான். குறைவு, நிறைவு என்ற இணையும் அமைகிறது. ‘முழு’வைத் தொட முடியாது, அதை முழு எண் எடுத்துக்கொண்டுவிட்டது.

தகராறு மிஞ்சுவது, குறைவது என்ற மற்ற இரண்டின் பெயரில். 12-இன் கூட்டுத்தொகை 16, ஆகவே மிகையெண். 8-க்கு வருவது 7, ஆகவே குறைவெண். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மிகை முழு, குறை முழு என்பவை பூச்சியத்துக்கு மேலும் கீழும் உள்ள எண்கள். 8 ஒரு மிகை முழு, அதுவே குறைவெண் என்றால் படிக்கிற பிள்ளைக்குத் தலை சுற்றும். வகுத்தி மிகையெண், வகுத்திக் குறைவெண் என்று முன்னால் ஒரு சொல் சேர்த்து எழுதுவதே நல்லது.