புழுவின் படம் போதாது, செடியின் பெயரைச் சொல்லுங்கள்

வடகிழக்குப் பருவமழை இரண்டு தடவை நன்றாகப் பெய்து ஓய்ந்ததும் என் கைப்பேசி புழுக்களால் நிரம்பிவிடும். மடிப்பாக்கம், பெரம்பூர், அம்பத்தூர் என்று ஊரின் எல்லா மூலையிலிருந்தும் படங்கள் வருகின்றன. படத்தில் மங்கலாக ஒரு புழு, கீழே ஒரு கேள்வி: "சார், இதற்கு என்ன மருந்து அடிக்க வேண்டும்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: "எந்தச் செடியில் இருந்தது?" பலருக்கு இது பிடிப்பதில்லை. பூச்சியியல் படித்த ஆளுக்குப் பூச்சியைப் பார்த்தால் தெரியாதா என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பார்த்த மாத்திரத்தில் பல நேரம் தெரியாதுதான். உலகில் பெயரிடப்பட்ட அந்துப்பூச்சிகள் மட்டும் ஏறக்குறைய 1,60,000 வகை. நம் வீடுகளில் 'அந்து' என்றால் அரிசி டப்பாவைத் திறந்ததும் பறக்கிற சாம்பல் நிறப் பூச்சிதான்; மற்றவற்றை விட்டில் என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். அவற்றின் புழுக்களோ தோலுரிக்கும்போது நிறத்தையும் மாற்றிக்கொள்கின்றன. ஆனால் செடியின் பெயர் தெரிந்துவிட்டால், ஆயிரக்கணக்கான சாத்தியங்கள் நாலைந்தாகச் சுருங்கிவிடும்.

காரணம் எளிது. செடியால் ஓட முடியாது. அதனால் கசப்பு, பால், நெடி, நஞ்சு என்று இலைக்குள்ளேயே காவல் வைத்திருக்கிறது. அந்தக் காவலைத் தாண்டப் பழகிய பூச்சி, பெரும்பாலும் அந்தச் செடிக் குடும்பத்தோடு நின்றுவிடுகிறது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் என்று ஒரே குடும்பத்துக்குள்தான் முட்டையிடும். தாய்ப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டிச் சுவை பார்த்த பிறகே முட்டை வைக்கிறது. கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலக் கிடக்கும் குட்டிப் புழு, கடைசியில் பச்சைப் புழுவாக மாறி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற சிவந்த கொம்பை நீட்டி நாற்றம் அடிக்கும். அதைப் பார்த்துப் பயந்து பக்கத்துத் தொட்டியில் இருக்கும் தக்காளிக்கும் மருந்து அடிப்பவர்கள் உண்டு. தக்காளி இலையில் கொண்டுபோய் விட்டாலும் அது பட்டினி கிடந்து செத்துப்போகும். ஒரு வளர்ந்த கறிவேப்பிலைச் செடி இரண்டு மூன்று புழுக்களுக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி துளிர்த்துவிடும். சின்னக் கன்றாக இருந்தால் மட்டும் கையால் எடுத்துவிடுங்கள்.

பூச்சிக்கும் செடிக்கும் உள்ள இந்த உறவை ஆராய்ந்த பெரிய பாரம்பரியம் சென்னைக்கு உண்டு. இலைப்பேன்களையும் அவை இலைகளில் உண்டாக்கும் முடிச்சுகளையும் வாழ்நாள் முழுக்கத் துருவிய டி. என். அனந்தகிருஷ்ணன், நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் அதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனத்தை வளர்த்தெடுத்தார். அதே ஊரில் உட்கார்ந்துகொண்டு, எந்தப் புழுவுக்கும் ஒரே புட்டி மருந்து என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வருகிறோம்.

மழைக்குப் பிறகு அதிகம் வரும் புகார் முருங்கைக் கம்பளிப்பூச்சி. இதில் நான் புழுவின் பக்கம் பேசப்போவதில்லை. சென்ற ஆண்டு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மரத்தையே வெட்டத் தீர்மானம் போட்டுவிட்டு, சம்பிரதாயத்துக்கு என்னை அழைத்தார்கள். இந்தப் புழுக்கள் இரவில் மேலே ஏறி இலையைத் தின்னும்; பகலில் அடிமரத்தில் கம்பளி விரித்ததுபோல் மொத்தமாக ஒட்டிக்கிடக்கும். கொப்புக் கொப்பாக மருந்து அடிக்கத் தேவையில்லை என்பதே இதன் பொருள். பகலில் சோப்புக் கரைசலை அடிமரத்தில் தாராளமாகத் தெளித்து, நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளினால் பெரும்பகுதி முடிந்தது. தீப்பந்தம் காட்டுவது கிராமத்துத் தோப்புக்குச் சரி. கார் நிறுத்துமிடத்தில் வேண்டாம். புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். ஆகவே மரத்தடி மண்ணைக் கொத்திக் கிளறிவிட்டால் அடுத்த தலைமுறை குறையும். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்ற பழமொழிப்படி மரத்தைக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருந்தால், இலையில் குவியலாக இடும் முட்டைகளையே கிள்ளி எறிந்துவிடலாம். (பழமொழியின் மறுபாதியை, பிள்ளையை அடிப்பதை, நான் சிபாரிசு செய்யவில்லை.)

உடம்பில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் ரோமம் இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்து ரோமங்களை நீக்கிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவியபடியே மருத்துவரிடம் போங்கள். இதில் கைவைத்தியம் கூடாது.

இனி என் தவறு. வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. வெள்ளையாக இருந்த எல்லாவற்றையும் நசுக்கிவிட்டு மருந்து அடிக்கச் சொன்னேன். அந்த அம்மாள் சொன்னபடியே செய்தார். மூன்று வாரத்தில் மாவுப்பூச்சி இரண்டு மடங்காகத் திரும்பியது. மறுபடி போய் உருப்பெருக்கியால் பார்த்தபோதுதான், தப்பிப் பிழைத்த ஓரிரு 'பெரிய மாவுப்பூச்சிகள்' மற்றவற்றைத் தின்றுகொண்டிருந்தது தெரிந்தது. அவை மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழுக்கள். 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வகை. இரையைப் போலவே வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டிருக்கும். மெழுகு இழை நீளமாக இருக்கும், தொட்டால் விறுவிறுவென்று நகரும். அவ்வளவுதான் வித்தியாசம். நான் காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனைத் தப்பவிட்டிருக்கிறேன்.

எதிரி இல்லாத பூச்சி என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு பப்பாளி மாவுப்பூச்சியிடம் பார்த்தது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த அது 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்து அடிக்க அடிக்கப் பெருகியது. மெழுகுப் போர்வைக்குள் மருந்து சரியாக இறங்கவில்லை. 2010இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டன. கடுகைவிடச் சிறிய உயிர்கள். அவற்றில் ஒன்று மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு, சில மாதங்களில் தோட்டம் தோட்டமாக அடக்கிவிட்டது. நம்மூர்ப் புழுக்களுக்கு இத்தகைய குளவிகள் ஏற்கெனவே இங்கே இருக்கின்றன. அசையாமல் கிடக்கும் புழுவின் முதுகிலோ பக்கத்திலோ அரிசி போல வெள்ளைக் கூடுகள் தெரிந்தால் அவை குளவியின் கூடுகள். மக்கள் அதைப் புழுவின் முட்டை என்று நினைத்து நசுக்குகிறார்கள். புழு முட்டையிடாது. அந்தக் கிளையை அப்படியே விட்டுவிடுங்கள்.

இரவில் மரமல்லியின் நீண்ட குழல் பூவுக்குள் நாக்கை விடுவதும், ஆண் பப்பாளி மரத்திலிருந்து பெண் மரத்துக்கு மகரந்தம் சுமப்பதும் பருந்து அந்துப்பூச்சிகள் என்று சொன்னால் யாரும் எளிதில் நம்புவதில்லை. அந்த இனத்தில் ஒன்று, சிறகு முளைக்கும் முன் நந்தியாவட்டை இலையைத் தின்றுகொண்டிருக்கும் பருத்த பச்சைப் புழுவாக இருந்ததுதான். அதன் முதுகில் இரண்டு நீலக் கண்கள், வாலில் ஒரு கொம்பு. குழந்தைகள் பாம்பு என்று அலறுவார்கள். அது கடிக்காது, கொட்டாது.

நேற்று வந்த படத்தில் புழுவே இல்லை. பாதி தின்ற நந்தியாவட்டைக் கிளையும், தரையில் மிளகு போலக் கரிய எச்சமும்தான். ஆனால் முதல் வரியே "நந்தியாவட்டை, நான்கு வருடச் செடி" என்று இருந்தது. புழு பழுப்பாக மாறிக் கூட்டுப்புழுவாவதற்குத் தரைக்கு இறங்கியிருக்கும், செடியடிச் சருகை மூன்று வாரம் பெருக்க வேண்டாம் என்று பதில் அனுப்பினேன்.