தூக்கினால் துவண்டுபோகும் பூனை

ராக்டால் பூனைகள் பலவற்றைக் கையில் ஏந்தியதும் கால்கள் தொங்கும், தலை சாயும், உடம்பு அப்படியே துவண்டுவிடும். துணிப்பொம்மை என்று பொருள்படும் அந்தப் பெயர் இதனால்தான் வந்தது.

1960களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ரிவர்சைட் நகரில் ஆன் பேக்கர் என்பவர் வளர்த்தெடுத்த இனம் இது. ஜோசஃபின் என்ற நீண்ட முடியுள்ள வெள்ளைப் பூனைதான் மூலத்தாய். அது காரில் அடிபட்டுப் பிழைத்ததாகவும், அதற்குப் பிறகு பிறந்த குட்டிகள் சாதுவாக இருந்ததாகவும், அவற்றுக்கு வலியே தெரியாது என்றும் ஒரு கதை பரவியது. தாய்க்குப் பட்ட அடி அதன் கருமுட்டையில் உள்ள மரபணுக்களில் பதிவதில்லை. குட்டிகளின் சாதுத்தன்மைக்கு விபத்து காரணமாக முடியாது. வலியும் எல்லாப் பூனைகளையும் போல ராக்டாலுக்கும் உண்டு. இந்தக் கதையை இன்னும் நம்புகிறவர்கள் இருப்பதுதான் எனக்குக் கவலை.

சரி, ஏன் துவள்கிறது? பயந்த பூனையின் இரத்தத்தில் அட்ரினலின் ஏறும், தசைகள் விறைக்கும், நகம் வெளியே வரும். ராக்டாலுக்கு மனிதர் தூக்கும்போது அந்தப் பயம் எளிதில் எழுவதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சாதுவான பூனைகளையே தேர்ந்து இணைசேர்த்ததன் பலன் அது. பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ராக்டால் உட்பட மூன்று இனங்களில் ஒரே இனப் பூனைகளுக்குள் காணும் குணவேறுபாட்டில் ஏறத்தாழ பாதிக்கு மரபே காரணம் என்று தெரிந்தது. மீதியில் வளர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பிறந்த 2ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரம் வரை மனிதக் கைகளில் பழகாத குட்டி, எந்த இனமானாலும் பின்னாளில் மிரளக்கூடும். துவளாத ராக்டாலும் இருக்கிறது, அதில் குறை ஒன்றுமில்லை.

குணத்தைவிட என்னை அதிகம் வியக்கவைப்பது அதன் நிறம். குட்டி பிறக்கும்போது கிட்டத்தட்ட வெள்ளை. சில நாட்களில் காது, மூக்கு, வால், பாதம் ஆகியவை மெல்லக் கருக்கத் தொடங்கும். மெலனின் நிறமியை உண்டாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். ராக்டாலில் அந்த நொதியின் அமைப்பு சற்று மாறியிருப்பதால், உடல் சூட்டில் அது சரியாக வேலை செய்யாது, குளிர்ந்த இடத்தில்தான் செய்யும். கருப்பைக்குள் எங்கும் ஒரே கதகதப்பு, அதனால் நிறம் இல்லை. வெளியே வந்ததும் உடம்பின் ஓரங்கள் முதலில் குளிர்கின்றன, நிறமும் அங்கேதான் ஏறுகிறது. முதுகில் ஓரிடத்தில் முடியை மழித்துவிட்டால், குளிர்பட்ட அந்தத் தோலில் புதிய முடி கருமையாக முளைப்பதுண்டு! நீலக் கண்ணும் இதே நொதியின் விளைவுதான். கண்ணின் உள்ளே சூடு குறைவதில்லை, எனவே கருவிழியில் நிறமி சேர்வதில்லை. அங்கே சிதறும் ஒளிதான் நமக்கு நீலமாகத் தெரிகிறது.

முடியின் நீளத்துக்கு எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணு பொறுப்பு. 'வளர்ந்தது போதும்' என்று முடியின் வேருக்குச் சொல்வது அதன் வேலை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் அந்தக் கட்டளை போய்ச் சேராது, முடி நீளும். நீண்ட முடிக்கு அடியில் தோலை ஒட்டி வளரும் மென்முடி குறைவு என்பதால் சிக்கு அதிகம் விழாது. ஆனாலும் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சீப்பு போட்டே ஆகவேண்டும்.

முழு வளர்ச்சிக்கு 4 ஆண்டுகள்கூட ஆகும். ஆண் பூனை 9 கிலோவைத் தொடலாம். அவ்வளவு கனத்தை இரண்டு கைகளாலும், பின்கால்களைத் தாங்கித்தான் தூக்க வேண்டும்.

அப்புறம், இதயம். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் ராக்டால்களிடம் காணப்படும் ஒரு மாற்றத்தை 2007இல் கண்டறிந்தார்கள். அது இதயச் சுவரைத் தடிக்கவைக்கும். இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால் நோய் கடுமையாகும். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் ஒற்றியெடுத்தே இதைச் சோதிக்கலாம். குட்டி வாங்குமுன் பெற்றோர் இரண்டின் சோதனை முடிவையும் கேளுங்கள். முடிவு நன்றாக இருந்தாலும், வேறு காரணங்களாலும் இந்த நோய் வரக்கூடும். முனகாமல் பொறுத்துக்கொள்ளும் பூனையாயிற்றே, அதன் மூச்சைத்தான் கவனிக்க வேண்டும். அது அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30ஐத் தாண்டுவது தொடர்ந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.