சோலோனின் கடன் ரத்து: யாருக்குக் கிடைக்கும், எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

கி.மு. 594 இல் ஏதென்ஸில் சோலோன் ஆர்கானாக, அதாவது அந்த ஆண்டின் தலைமை அதிகாரியாக வந்தார். கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் வெட்டிக்கொள்ளும் நிலையில், இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஆள் அவர்தான். பின்னணி இவ்வளவு போதும்.

தள்ளுபடி என்று காதில் விழுந்ததுமே கடைசி வரி வரை படிக்காமல் ஓடிப்போய் வெறுங்கையோடு திரும்பியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இதில் என்ன கிடைக்கும் என்பதைவிட என்ன கிடைக்காது என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். நீங்கள் அன்றைய அட்டிகாவில், அதாவது ஏதென்ஸைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தில், கடனில் மூழ்கிக் கிடக்கும் ஓர் உழவர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் நல்ல செய்தி. பழைய கடன் ரத்து. உங்கள் வயலில் நட்டிருக்கும் கடன் கல்லைப் பிடுங்கிவிடுவார்கள். ஆறில் ஒரு பங்கு கணக்கில் பெரிய இடத்து நிலத்தில் கட்டுப்பட்டுக் கிடந்தவர் என்றால் அந்தக் கட்டும் போச்சு. இனிமேல் உங்களையோ பிள்ளைகளையோ பிணையாக வைத்துக் கடன் கொடுக்கக் கூடாது. அதுவரை பங்கு கட்டத் தவறினால் குடும்பத்தோடு அடிமையாகப் போக வேண்டியதுதான், ஆகவே இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது சிக்கல்கள். நிலம் கிடைக்காது. நிலத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு, அதை நம்பி உட்கார்ந்தவர்கள் ஏராளம், ஆனால் பெரிய பண்ணைகளில் சோலோன் கை வைக்கவே இல்லை. கடன் போனது, உழுவதற்குச் சொந்த நிலம் இல்லை, விதைக்கு மறுபடியும் கடன்தான். உங்கள் உடலைத்தான் பிணை வைக்கக் கூடாதே தவிர நிலத்தை வைக்கலாம். பிந்தைய நூற்றாண்டுகளில் அட்டிகா வயல்களில் அடமானக் கற்கள் திரும்பவும் முளைத்தன.

விஷயம் முன்கூட்டியே தெரிந்தவர்கள் ஆதாயம் பார்த்துவிட்டார்கள். ரத்து வரப்போகிறது என்று சோலோன் சில நண்பர்களிடம் சொல்லிவைத்தாராம், அவர்கள் உடனே பெருங்கடன் வாங்கி நிலம் வாங்கிப்போட்டு, அறிவிப்பு வந்ததும் கையைத் தட்டிவிட்டார்களாம். சோலோன் தனக்கு வரவேண்டிய ஐந்து டாலண்டை (ஒரு டாலண்ட் சுமார் 26 கிலோ வெள்ளி) விட்டுக்கொடுத்துத்தான் தன் பேரைக் காப்பாற்றிக்கொண்டார் என்பார்கள். நண்பர்கள் வாங்கிய நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததாக எங்கும் கதை இல்லை!

அண்ணனோ தம்பியோ ஏற்கெனவே வெளிநாட்டுக்கு விற்கப்பட்டிருந்தால் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். அட்டிக் பேச்சே மறந்துபோன அளவுக்கு அலைந்தவர்களை ஊருக்கு அழைத்துவந்தேன் என்று சோலோன் தன் கவிதையில் சொல்கிறார். பலரை என்றுதான் சொல்கிறார், எல்லோரையும் என்று சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வாங்கிவந்த அடிமைகளுக்கு இந்தத் திட்டத்தில் எதுவுமே கிடையாது. பெண் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: மகளையோ சகோதரியையோ விற்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, ஆனால் மணமாகாத பெண் ஓர் ஆணோடு பிடிபட்டால் அந்தத் தடை செல்லாது. இந்த விதிவிலக்கை எழுதிய கையை என்ன சொல்ல.

அப்புறம் பதவி. குடிமக்களை நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள், பிறப்பைப் பார்த்து அல்ல, வருட விளைச்சலைப் பார்த்து. 500 அளவை விளைந்தால் முதல் வகுப்பு, 300க்கு இரண்டாவது, 200க்கு மூன்றாவது, மற்ற எல்லோரும் தேட்டெஸ் என்ற கடைசி வகுப்பு. தானியத்தில் ஓர் அளவை சுமார் 50 லிட்டர். கூலிக்காரர் நேராகக் கடைசி வகுப்புக்குத்தான் போவார், அங்கே எந்தப் பதவியும் கிடையாது. மக்கள் சபையில் உட்காரலாம், மக்கள் நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லலாம், அவ்வளவுதான். அதற்கும் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும், ஏனென்றால் தீர்ப்பாளர்களுக்குப் படி கொடுக்கும் வழக்கம் நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் காலத்தில்தான் வந்தது.

ஆனாலும் நீதிமன்றத்தை விட்டுவிடாதீர்கள், இந்தத் திட்டத்தில் உருப்படியானது அதுதான். அதிகாரி தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் மக்கள் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அதைவிட முக்கியமாக, அநியாயம் நடந்தவனுக்காக யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். அடிபட்டவனே வந்து நிற்க வேண்டும் என்ற கட்டாயம் போனது. பயந்துகொண்டு வீட்டில் கிடக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்காக நீங்கள் போய் நிற்கலாம், கட்டாயம் போய் நில்லுங்கள்.

சின்ன விதிகளில்தான் பலர் சறுக்குவார்கள். விளைபொருளில் ஆலிவ் எண்ணெயை மட்டும்தான் ஏற்றுமதி செய்யலாம், தானியத்தைக் கப்பலேற்றினால் ஆர்கான் உங்களைச் சபிக்க வேண்டும், சபிக்கத் தவறினால் அவரே 100 டிராக்மா (அன்றைய வெள்ளிப் பணம்) கட்ட வேண்டும் (அதிகாரிக்கும் அபராதம் போட்ட அபூர்வமான இடம் இது). மகனுக்கு ஒரு தொழில் கற்றுக்கொடுக்காத தகப்பன் வயதான காலத்தில் அவனிடம் சோறு கேட்டு வழக்குப் போட முடியாது. தண்ணீருக்கும் இதே கதைதான்: பொதுக் கிணறு நான்கு ஸ்டேடியத்துக்குள் (சுமார் 700 மீட்டர்) இருந்தால் அதில் இறைத்துக்கொள்ளலாம், அதைவிடத் தூரம் என்றால் சொந்தமாகத் தோண்ட வேண்டும், பத்து பாகம் (சுமார் 18 மீட்டர்) ஆழம் தோண்டியும் தண்ணீர் வரவில்லை என்றால்தான் பக்கத்து வீட்டுக் கிணற்றில் நாளுக்கு இரண்டு தடவை குடம் நிரப்பலாம். தோண்டிக் காட்டாமல் குடத்தோடு போய் நின்றால் விரட்டிவிடுவார்கள்.

சட்ட வாசகங்கள் பல இடத்தில் தெளிவாக இல்லை. விளக்கம் கேட்டுத் தினமும் ஆட்கள் வந்து மொய்த்ததில் சோலோன் வியாபாரம் என்று காரணம் சொல்லிக் கப்பலேறிவிட்டார், பத்து ஆண்டுக்குத் திரும்பமாட்டார். நான்கு ஆண்டு ஏதோ அமைதியாக ஓடியது, ஐந்தாவது ஆண்டில் சண்டை முற்றி ஆர்கான் ஒருவரையே நியமிக்க முடியவில்லை. ஆகவே வழக்கு ஏதாவது இருந்தால் அந்த நான்கு ஆண்டுக்குள் போட்டு முடித்துவிடுங்கள்.