எதிர்ப்பு சக்திக் குளிசையும் ஆறாத கால்புண்ணும்

கிளினிக் குளிசையை விட்டுவிட்டு வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் நாலாவது ஆள். படுவான்கரை வயற்காரர், சீனி வருத்தம், வலது பெருவிரலடியில் புண். சாரத்தை ஒதுக்கிக் காலை நீட்டினார். சுற்றியிருந்த சீலைத்துண்டில் வயற்சேறு காய்ந்துபோய் இருந்தது.

"கிளினிக் குளிசையை ஏன் ஐயா விட்டீங்க?"

பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். "அன்டிஒக்சிடன்ட் மகள். எதிர்ப்பு சக்தி கூடுமாம். மருமகன் வாங்கித் தந்தவர்."

ஒட்சியேற்றம் கெட்டது, அதைத் தடுக்கும் அன்டிஒக்சிடன்ட் எவ்வளவு கூடினாலும் நல்லது: இந்த நினைப்போடு மல்லுக்கட்டியே களைத்துவிட்டேன். புண்ணுக்குள் புகுந்த கிருமியை விழுங்கும் நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலம், சுப்பரொட்சைட்டு என்ற ஒட்சியேற்றும் பொருளை உண்டாக்கித்தான் அதைக் கொல்கிறது. அதை உண்டாக்கும் நொதியம் பிறப்பிலேயே பழுதான பிள்ளைகளுக்குச் சாதாரண பங்கசும் உயிராபத்து. ரி-கலம் என்ற இன்னொரு வெண்குருதிக் கலம் விழித்தெழும்போது தனக்குள் சமிக்ஞையாகப் பாவிப்பதும் அதே வகைப் பொருளான ஐதரசன் பேரொட்சைட்டில் ஒரு சொட்டைத்தான். இவற்றை அடியோடு துடைத்துவிட்டால் சண்டைக்கு ஆள் எழும்பாது.

இவை மிஞ்சினால் அதே கலம் சாகும், உண்மைதான். அதற்காகத்தான் பேரொட்சைட்டைச் சிதைக்கும் கற்றலேசு, பெரொக்சிரெடொக்சின், குளுற்றதயோன் பெரொக்சிடேசு போன்ற புரதங்களைக் கலமே தேவை பார்த்துச் செய்துகொள்கிறது. கடைசியாகச் சொன்னதில் 4ஆம் வகை இல்லாவிட்டால், ரி-கலத்தின் மென்சவ்வுக் கொழுப்புக் கெட்டுக் கலமே அழியும். இவற்றைப் போத்தலில் வாங்க முடியாது. போத்தலில் இருப்பது பெரும்பாலும் விற்றமின். புரதமே இருந்தாலும் இரைப்பைக்கு அது பாரைமீன் துண்டு மாதிரித்தான், சமித்துவிடும். குளுற்றதயோன் பெரொக்சிடேசுக்கு வேண்டிய செலீனியம் மீனிலும் முட்டையிலும் இருக்கிறது.

கூடினால் கெடுதியும் உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீற்றா கரோட்டின் குளிசை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்.

இரத்தத்தில் சீனி ஏறினால் நியூட்ரோபில் மந்தமாகும். அதைத் திருத்துவது நீங்கள் நிறுத்திய அந்தக் குளிசைதான். நிறுத்தாதீங்க. புண்ணோடு சேற்றில் இறங்காதீங்க. படுக்கமுன் உள்ளங்காலைப் பாருங்க, கண் மங்கலென்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்க. ஏற்கெனவே போத்தல் வாங்கியிருந்தால் ஒளிக்க வேண்டாம், கிளினிக் கொப்பியோடு கொண்டு வாங்க. ஏசமாட்டேன்.

வாங்கிக் கொடுக்கும் மருமக்களே, பாசத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். அந்தக் காசுக்குச் சீனி பார்க்கும் மெசினும் ஸ்ட்ரிப்பும் வாங்கிக் கொடுங்கள். கிளினிக் நாளன்று மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.