100 மெகாபிக்சல் கேமரா வாங்கும் முன்

ஒரு மீட்டர் அகலமுள்ள ஓவியத்தைப் படியெடுக்கும் வேலை. அதே அளவில் அச்சிட வேண்டும், தூரிகை இழுத்த கோடு ஒவ்வொன்றும் தெரிய வேண்டும் என்பது வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பு. 100 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் மிரர்லெஸ் கேமரா (ஒளியைப் படமாக்கும் சென்சார் வழக்கத்தைவிடப் பெரிதாகவும், உள்ளே கண்ணாடி இல்லாமலும் இருக்கும் வகை) என் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கனமான ட்ரைபாட், இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, 2 விநாடி டைமர் என்று எல்லாம் முறைப்படிதான் வைத்தேன். கேமராவின் சின்னத் திரையில் படம் பளிச்சென்று இருந்தது. அன்று இரவு கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால், பன்னிரண்டு படங்களில் ஐந்தில் கோடுகள் லேசாக இரட்டித்திருந்தன.

காரணம் பிடிபட இரண்டு நாள் ஆனது. அந்த அறைக்கு மரத்தளம். உதவிக்கு வந்தவர் விளக்கைச் சரிசெய்ய நடந்தபோதெல்லாம் தளம் அதிர்ந்திருக்கிறது. அதே அறையில் 24 மெகாபிக்சல் கேமராவை வைத்து முன்பு எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். ஒரு குறையும் தெரிந்ததில்லை. அதிர்வு அப்போதும் இருந்திருக்கும். அதைக் காட்டும் அளவுக்கு அந்தக் கேமராவிடம் பிக்சல் இல்லை, அவ்வளவுதான்.

"இந்தக் கேமரா வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் அதன் சிறப்பம்சங்களை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அது நம்மிடம் திருப்பி என்ன கேட்கும் என்பதைத்தான் யாரும் விசாரிப்பதில்லை. இந்தப் பதிவு அதற்காக.

முதலில் பெயரிலிருந்தே தொடங்கலாம். இப்போது விற்பனையில் இருக்கும் மீடியம் ஃபார்மட் மிரர்லெஸ் கேமராக்களின் சென்சார் ஏறத்தாழ 44க்கு 33 மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம், அதாவது 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவிலான சென்சார், 36க்கு 24. பரப்பளவில் பார்த்தால் முன்னது சுமார் 1.7 மடங்கு பெரியது. ஆனால் ஃபிலிம் காலத்து மீடியம் ஃபார்மட்டில் சிறியது என்று சொல்லப்பட்ட 645 அளவே 56க்கு 41.5 மில்லிமீட்டர் இருந்தது. ஆக, இன்றைய மீடியம் ஃபார்மட் பழையதன் தம்பிதான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனாலும் பெயரைக் கேட்டு ஃபிலிம் நாட்களின் பிரமாண்டத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

2016-ல் ஹாசல்பிளாட் எக்ஸ்1டி 50 மெகாபிக்சலுடன் இந்த வகையைத் தொடங்கி வைத்தது. அடுத்த ஆண்டு ஃபுஜிஃபில்மின் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் வந்தது. உண்மையான திருப்பம் 2019-ல் வந்த ஜிஎஃப்எக்ஸ் 100. 102 மெகாபிக்சல், சென்சார் முழுக்கப் பரவி வேகமாக ஃபோகஸ் பிடிக்கும் ஃபேஸ் டிடெக்ஷன் ஆட்டோஃபோகஸ், கேமராவுக்குள்ளேயே சென்சாரை அசைத்து நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி என மூன்றும் ஒரே உடலில் சேர்ந்தன. அதுவரை பெரும்பாலும் ட்ரைபாட் மேல் உட்கார்ந்திருந்த சாதனத்தைக் கையில் பிடித்துத் தைரியமாக எடுக்கலாம் என்ற நிலை அப்போது வந்தது. 2022-ல் ஹாசல்பிளாட் எக்ஸ்2டி 100சி 1 டெராபைட் எஸ்எஸ்டி சேமிப்பகத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது. கோப்புகளின் அளவைப் பார்த்தால் அது ஆடம்பரம் இல்லை என்று புரியும். அந்த அளவுகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

102 மெகாபிக்சல் என்றால் 11,648க்கு 8,736 புள்ளிகள். 24 மெகாபிக்சலோடு ஒப்பிட்டால் நாலு மடங்குக்கு மேல் என்று தோன்றும். ஆனால் நுணுக்கத்தை அளப்பது பரப்பில் அல்ல, நீளத்தில். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் படத்தின் நீளம் 6,000 புள்ளி. அப்படியானால் நுணுக்கம் கூடுவது ஏறத்தாழ இரண்டு மடங்குதான். 61 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிட்டால் நீளவாக்கில் சுமார் 23 சதவீதம் மட்டுமே அதிகம். அந்த 61 மெகாபிக்சல் வகையில் சோனி ஏ7ஆர் 4 வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இந்தக் கணக்கைக் கேட்ட பிறகு முன்பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டார். நான் அவரைத் தடுக்கவில்லை. இரண்டு கேமராவிலும் ஒரு பிக்சலின் அகலம் ஒன்றுதான்: 3.76 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

அச்சில் இதன் பொருள் என்ன? அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் கிட்டத்தட்ட 39க்கு 29 அங்குலம். ஓவியப் படியெடுப்பு, பெரிய அச்சு, ஒரே படத்திலிருந்து பல துண்டுகளை வெட்டி எடுக்கும் விளம்பர வேலை ஆகியவற்றுக்கு இது வரப்பிரசாதம். 4கே திரையில் இருப்பதோ 83 லட்சம் புள்ளிகள். உங்கள் படங்களின் கடைசி இருப்பிடம் ஃபோனும் கணினித் திரையும்தான் என்றால், நீங்கள் எடுக்கும் புள்ளிகளில் பத்தில் ஒன்றுகூட யார் கண்ணிலும் படப்போவதில்லை.

சரி, இப்போது மரத்தளத்துக்குத் திரும்புவோம். கையில் பிடித்து எடுக்கும்போது லென்ஸின் குவியத் தூரத்தைத் தலைகீழாக்கி ஷட்டர் வேகம் வைக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 80 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 1/80 விநாடி. அந்த விதி ஃபிலிம் காலத்தது. சுமாரான அளவில் அச்சிட்டுக் கை எட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கானது. இங்கே அது செல்லாது. நான் குறைந்தது இரண்டு மடங்கு, மனிதர்களை எடுத்தால் மூன்று மடங்கு வேகம் வைக்கிறேன். சென்சாரை அசைத்துச் சமன்செய்யும் வசதி கைநடுக்கத்துக்கு உதவும். எதிரில் நிற்பவர் மூச்சு விடுவதையும் தலையைத் திருப்புவதையும் அது நிறுத்தாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் "8 ஸ்டாப்" (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஷட்டர் நேரத்தை இரு மடங்காக்கலாம் என்று பொருள்) என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்ததும் மறந்துபோகிறது.

அடுத்தது அபர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை. எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும். எல்லாம் தெளிவாக வரட்டும் என்று எஃப் 16-க்கு மூடுகிற பழக்கம் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. துளை சிறுத்தால் ஒளி சிதறும். லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததானாலும் ஒரு புள்ளி ஒளி சென்சாரில் ஒரு சின்ன வட்டமாகத்தான் விழும். பச்சை ஒளிக்கு எஃப் 8-ல் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 10.7 மைக்ரான், எஃப் 16-ல் சுமார் 21.5 மைக்ரான். பிக்சல் 3.76 மைக்ரான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எஃப் 16-ல் ஒரே ஒளிப்புள்ளி கிட்டத்தட்ட ஆறு பிக்சல் அகலத்துக்குப் பரவி நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய நுணுக்கத்தை நாமே கரைத்துவிடுகிறோம். நான் பெரும்பாலும் எஃப் 5.6-க்கும் 8-க்கும் இடையில் இருக்கிறேன், தேவைப்பட்டால் 11. அதற்கு மேல் ஆழம் வேண்டுமென்றால் ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்குவேன். இதைத் தானாகச் செய்யக் கேமராவிலேயே ஃபோகஸ் பிராக்கெட்டிங் வசதி இருக்கிறது. பொருள் அசையாமல் இருந்தால் போதும்.

பொருள் அசையும் என்றால்? இங்கேதான் குழுப்படம் எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். சென்சார் பெரிதாக இருப்பதால், அதே காட்சியை அதே எஃப் எண்ணில் எடுக்கும்போது தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும். போதாததற்கு, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் கண் அந்த ஆழத்தை இன்னும் சுருக்கிவிடும். ஒருமுறை நாலு வரிசையாக நின்ற ஒரு கூட்டத்தை எஃப் 5.6-ல் எடுத்தேன். முதல் வரிசையின் இமைமுடியை எண்ணலாம். நாலாம் வரிசை மங்கல். சாதாரண அளவில் அச்சிட்டதால் தப்பித்தேன். இப்போது அப்படிப்பட்ட வேலைக்கு ஃபுல் ஃபிரேமைத்தான் எடுத்துப்போகிறேன்.

பின்னணி மங்கலின் அழகுக்காக மட்டும் இந்த வகைக்கு மாற நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 80 மில்லிமீட்டர் எஃப் 1.7 லென்ஸ் இதில் தரும் தோற்றம், ஃபுல் ஃபிரேமில் சுமார் 63 மில்லிமீட்டர் எஃப் 1.3 தருவதற்குச் சமம். ஃபுல் ஃபிரேமில் எஃப் 1.2 லென்ஸ்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. "மீடியம் ஃபார்மட் லுக்" என்ற மந்திரச் சொல்லை நான் நம்புவதில்லை. நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு நிறம் இறங்கும் பாங்கு நன்றாக இருக்கிறது, உண்மை. அதில் பாதிக்கு மேல் நல்ல விளக்கமைப்பின் வேலை.

ஷட்டர் விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. லென்ஸ் மாற்றக்கூடிய ஜிஎஃப்எக்ஸ் கேமராக்களில் திரை ஷட்டர் சென்சாருக்கு முன்னால் இருக்கிறது, ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச வேகம் 1/125 விநாடி. வெயிலில் ஃபிளாஷ் போட்டு முகம் எடுப்பவர்களுக்கு இது இடைஞ்சல். ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் அல்லது வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷை வேலைசெய்ய வைக்கும் ஹைஸ்பீடு சிங்க் தேவைப்படும். ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/2000 விநாடியிலும் ஃபிளாஷ் ஒத்துழைக்கும். வெளிப்புற ஃபிளாஷ் வேலைதான் உங்கள் பிழைப்பு என்றால், மெகாபிக்சலைவிட இந்த ஒரு வித்தியாசம் பெரியது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை இரண்டிலும் எச்சரிக்கையோடு தொட வேண்டும். இவ்வளவு பெரிய சென்சாரை வரிவரியாகப் படித்து முடிக்க நேரம் பிடிக்கும். அதற்குள் நகர்ந்த கை சாய்ந்து விழும். எல்ஈடி விளக்கு மினுங்கினால் படத்தில் பட்டைபட்டையாகக் கோடு வரும். அசையாத பொருள், மினுங்காத வெளிச்சம் இரண்டும் இருந்தால் மட்டுமே நான் அதைத் தொடுகிறேன்.

நெருக்கமாக நெய்த துணி எடுப்பவர்களுக்கு மோரே தொல்லை உண்டு. நுண்ணிய விவரத்துக்காக இந்தக் கேமராக்களில், படத்தை லேசாக மழுக்கும் லோ பாஸ் ஃபில்டரை விட்டுவிடுகிறார்கள். துணியின் இழையும் பிக்சலின் வரிசையும் ஒன்றோடொன்று மோதினால் வானவில் அலைகள் எழும். கேமராவைக் கொஞ்சம் முன்னே அல்லது பின்னே நகர்த்தினால் பல நேரம் சரியாகிவிடும். படம் எடுக்கும் இடத்திலேயே மடிக்கணினியில் இணைத்து, பெரிதாக்கிப் பார்த்துவிடுவதுதான் வழி. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் காலம் கடந்துவிடும்.

கோப்பு அளவு. 16 பிட்டில் (பிட் கூடினால் நிறத்தின் படிநிலைகள் கூடும்) சுருக்காத ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பு, ஒன்று 200 எம்பி-யைத் தாண்டும். 500 படம் எடுத்தால் 100 ஜிபி. பேக்கப்போடு சேர்த்தால் 200. தரம் குறையாமல் சுருக்கும் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். 16 பிட், 14 பிட் வித்தியாசத்தை நிழல்களை மிகக் கடுமையாகத் தூக்கும்போது தவிர நான் கண்டதில்லை. அப்புறம் எடிட்டிங். ஒரு படத்தை 16 பிட் வண்ணத்தில் திறந்தால் ஒரு லேயருக்கே (அடுக்குக்கே) சுமார் 610 எம்பி நினைவகம் போகும். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்புக்கு 2 ஜிபி வரம்பு இருக்கிறது. நாலைந்து லேயர் சேர்த்துவிட்டுச் சேமிக்கப் போனால் முடியாது என்று சொல்லிவிடும். பெரிய கோப்புகளுக்கான பிஎஸ்பி (PSB) வடிவத்துக்கு மாற வேண்டும். இரவு 1 மணிக்கு, காலையில் ஒப்படைக்க வேண்டிய வேலையோடு இதைக் கற்றுக்கொண்டேன்.

ஓவிய வேலையை மறுபடி எடுத்தேன். சென்சாரைப் பிக்சல் அளவில் நகர்த்தி 16 படம் எடுத்து 400 மெகாபிக்சலாக இணைக்கும் வசதியை முயன்று, அந்தத் தளத்தில் அது நடக்காது என்று உடனே விட்டுவிட்டேன். ட்ரைபாடைச் சுவரோரம், தளத்தைத் தாங்கும் உத்தரத்துக்கு நேர்மேலே நகர்த்தி, எல்லோரையும் வெளியே அனுப்பி, 10 விநாடி டைமரில் ஒற்றைப் படமாகவே எடுத்தேன். எட்டுப் படத்தில் எட்டும் கூர்மை. அதைத்தான் அச்சுக்கு அனுப்பினேன்.

வாங்க நினைப்பவர்கள் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கடைக்காரர் காட்டும் மாதிரிப் படத்தை விட்டுவிட்டு, உங்கள் வழக்கமான வேலையை, உங்கள் வழக்கமான அவசரத்தோடு எடுங்கள். பிறகு அந்தக் கோப்புகளை இப்போது உங்களிடம் இருக்கும் கணினியிலேயே திறந்து, ஒவ்வொன்றையும் 100 சதவீதத்தில் பாருங்கள். கூர்மையாக இருப்பவை எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.