மெர்காப்டன்: பாதரசத்தைப் பற்றும் கந்தகம்

சமையல் எரிவாயு கசியும்போது மூக்கைத் துளைக்கும் அழுகல் நாற்றம் அவ்வாயுவுக்கே உரியது என்று பலரும் எண்ணுகின்றனர். அதில் அடங்கிய புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் அத்தகைய நாற்றம் கிடையாது. கசிவு உடனே தெரியவேண்டும் என்பதற்காக மிகச் சிறிதளவு எத்தில் மெர்காப்டன் கலக்கப்படுகிறது. நாற்றத்தால் அறியப்படும் இப்பொருளுக்குப் பெயர் வந்தது பாதரசத்தால்.

டென்மார்க் வேதியியலர் வில்லியம் கிறிஸ்டோபர் சைஸ் இப்பொருளைப் பற்றிய ஆய்வை 1834இல் வெளியிட்டார். எத்தில் ஆல்கஹாலில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கந்தகம் அமர்ந்தால் கிடைக்கும் நீர்மம் அது. பாதரசமும் ஆக்சிஜனும் கூடிய மெர்குரிக் ஆக்சைடுடன் சேர்ந்ததும் கடுமையாக வினைபுரிந்து, தன் கந்தகத்தோடு ஒட்டியிருந்த ஹைட்ரஜனை விட்டுவிட்டு, அவ்விடத்தில் பாதரசத்தை ஏற்றுக்கொண்டது. ஆகவே, 'பாதரசத்தைப் பற்றுவது' எனப் பொருள்படும் 'மெர்குரியம் காப்டன்ஸ்' என்னும் லத்தீன் தொடரைச் சுருக்கி அவர் இப்பெயரை அமைத்தார். வேதியியலில் ஒரு பொருளின் குணத்தை இவ்வளவு நேராகச் சொல்லும் பெயர்கள் குறைவு.

இப்பற்றுதலின் விளைவை நிலக்கரியில் தெளிவாகக் காணலாம். நிலக்கரியாக மாறுவதற்கு முன் சதுப்பு நிலத்தில் தாவரங்கள் மட்கிக் கிடந்த காலத்திலேயே, காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்து சேர்ந்த பாதரசத்தை அம்மட்கிலிருந்த மெர்காப்டன் வகைத் தொகுதிகள், அதாவது ஒரு கந்தக அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் இணைந்த தொகுதிகள், பிடித்துக்கொள்ள வல்லவை. கடல்நீர் புகுந்த சதுப்புகளில் சல்பேட்டும் மிகுதியாக வந்தது; அதைப் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்ற, அது இரும்புடன் கூடிப் பைரைட் என்னும் பொன்னிற இரும்பு-கந்தகக் கனிமமாகப் படிந்தது. பின்னாளில் நிலக்கரிப் படுகையின் வெடிப்புகளில் ஊடுருவிய கனிமக் கரைசல்களும் பைரைட்டை விட்டுச் சென்றன. பல நிலக்கரிகளில் பாதரசத்தின் பெரும்பங்கு இப்பைரைட்டிலேயே தங்கியிருக்கிறது. எனினும் கந்தகம் மிகுந்தால் பாதரசமும் மிகும் என்று விதி வகுத்துவிட முடியாது. கந்தகம் குறைந்த நிலக்கரியில் பாதரசத்தின் கணிசமான பகுதி கரிமப் பொருளோடு பிணைந்திருப்பதும் உண்டு.

அளவு மிகச் சிறியது: உலகச் சராசரியாக ஒரு டன் நிலக்கரியில் ஏறத்தாழ 0.1 கிராம் பாதரசம் இருக்கிறது. எரிக்கப்படும் நிலக்கரியின் அளவோ மிகப் பெரியது. உலையின் வெப்பத்தில் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து சல்பர் டையாக்சைடாகிவிட, பிடி விட்ட பாதரசம் ஆவியாகப் புகையோடு வெளியேறுகிறது. இந்திய அரசு 2015 டிசம்பரில் அனல்மின் நிலையப் புகைக்கு விதித்த வரம்புகளில் பாதரசத்துக்கும் இடம் உண்டு: ஒரு கனமீட்டருக்கு 0.03 மில்லிகிராம். எரிப்பதற்கு முன்பே நிலக்கரியைக் கழுவி, அதைவிடப் பல மடங்கு அடர்த்தி கொண்ட பைரைட்டைப் பிரித்தால், அதிலுள்ள பாதரசமும் உடன் நீங்கும். வாயுக்களிலிருந்து பாதரச ஆவியை நீக்கக் கந்தகம் ஏற்றிய கரித்தூளும் பயன்படுகிறது. அதில் ஆவி மெர்குரிக் சல்ஃபைடாக மாறி நிலைபெறுகிறது. சித்த மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் சாதிலிங்கமும் இதே சேர்மம்தான்.

இனித் தமிழ்ச்சொல். மெர்காப்டனை நேராகப் பெயர்த்தால் 'இரசம்பற்றி' எனலாம். சொல்லின் வரலாற்றை விளக்க அது நன்கு உதவும். ஆனால் முறையான வேதிப்பெயரிடலில் மெர்காப்டன் என்பதே பழம்பெயராகி, கந்தகத்தைக் குறிக்கும் 'தெயோன்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த 'தயோல்' அதன் இடத்துக்கு வந்துவிட்டது. எனவே பாடநூலுக்குத் தயோல் போதும். பொதுவாசகருக்குக் 'கந்தக ஆல்கஹால்' என்று எழுதலாம். மணத்தைக் குறிக்கும் 'கந்தம்' என்னும் வடசொல்லிலிருந்தே கந்தகம் வந்ததால், இத்தொடரில் நாற்றமும் தானாகவே அடங்கிவிடுகிறது. 'கந்தகச் சாராயம்' என்பது மட்டும் வேண்டாம். குடிக்கும் பொருள் என்ற மயக்கத்துக்கு அது இடம் தரும். மருந்துப் பெயர்களில் பழஞ்சொல் இன்னும் நிலைத்திருக்கிறது: பாதரச நஞ்சுக்கு முறிமருந்தாகப் பயன்பட்டுவரும் டைமெர்காப்ரால், இரண்டு கந்தகத் தொகுதிகளால் அவ்வுலோகத்தைப் பிடித்துச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது.